டெத் மெட்டலிலிருந்து டான்ஸ் பாப்புக்கு: கேள்வி பதில்

எக்ஸ்ட்ரீம் மெட்டல் (டெத் மெட்டல், பிளாக் மெட்டல் மாதிரி உறுமலும் அலறலும் அதிவேக டிரம்ஸும் கொண்ட கனத்த ராக் இசை) வாசித்த குழு ஆடவைக்கும் பாப் பக்கம் போவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, இப்படி மாறுகிறவர்கள் எல்லாரும் காசுக்கு விலைபோனவர்கள்தானே?

பதில்: இல்லை தம்பி. காசுதான் குறி என்றால் இதைவிட மோசமான வழி கிடையாது, இருக்கிற ரசிகர்கள் கோபித்துக்கொண்டு போவது நிச்சயம், புதிதாக யாராவது வருவார்களா என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. பாரடைஸ் லாஸ்டைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர்கள், மெதுவாக நகரும் டூம் மெட்டலும் டெத் மெட்டலும் கலந்த பாணிக்கு முன்னோடிகள். 1995-இல் 'டிரகோனியன் டைம்ஸ்' வந்தபோது நல்ல உயரத்தில் இருந்தார்கள், அதே தடத்தில் இன்னும் நாலு ஆல்பம் போட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 1999-இல் 'ஹோஸ்ட்' என்று சின்த் பாப் (சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியை நம்பிய பாப்) ஆல்பம் போட்டார்கள். கிட்டார் பின்னுக்குப் போனது, நிக் ஹோம்ஸ் மென்மையாகப் பாடினார், வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. 2023-இல் அவரும் கிட்டாரிஸ்ட் கிரெக் மக்கின்டாஷும் அதே 'ஹோஸ்ட்' பெயரில் தனியாக ஒரு சின்த் குழு தொடங்கி ஆல்பம் வெளியிட்டார்கள். காசுக்காகச் செய்த வேலை என்றால் 24 வருடம் கழித்து அதைத் தேடிப் போவார்களா?

கேள்வி: பிளாஸ்ட் பீட் (டிரம்களை இடைவிடாமல் அதிவேகமாக அடிக்கும் மெட்டல் தாளம்) வாசிக்கிற டிரம்மருக்கு டான்ஸ் தாளம் தூசு மாதிரிதானே ப்ரோ? நான் டிரம்ஸ் கற்கிறேன்.

பதில்: வேகத்தைப் பொறுத்தவரை ஆமாம். மற்றபடி இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். டான்ஸ் பாப் பெரும்பாலும் 120-லிருந்து 128 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) வரை. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரு அடி, ஸ்னேர் (சின்ன டிரம்) இரண்டிலும் நாலிலும், ஹைஹாட் (ஜோடித் தட்டு) நடுவில் எதிரடியாக. அவ்வளவுதான் மொத்தமும். பிளாஸ்ட் பீட்டில் அடிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகக் காதில் விழும், அதில் ஒரு அடி மெலிந்தாலும் சட்டென்று தெரியாது. இங்கே ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கும். மெட்ரோனோமை 120-இல் வைத்து ஐந்து நிமிடம் இந்தத் தாளத்தை மட்டும் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே ஃபில் (தாளத்துக்கு நடுவே அடிக்கும் அலங்கார உருட்டல்) போடக் கை துறுதுறுக்கும், கிக் சத்தம் ஏறி இறங்குவதும் தெரிய ஆரம்பிக்கும். இது சரியாகும்வரை சின்த் வாங்குகிற யோசனையே வேண்டாம்.

கேள்வி: கிட்டாரை என்ன செய்வது? தூக்கி மூலையில் வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், இளைக்க வையுங்கள். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்ட கிட்டார் நடு அலைவரிசைகளை மொத்தமாக அடைத்துக்கொள்ளும், பாட்டுக் குரலுக்கும் சின்த்துக்கும் வேண்டிய இடமே அதுதான். டியூனிங்கை ரொம்ப இறக்கியிருந்தால் பேஸோடும் மோதும். பாப் பதிவுகளில் கிக் விழும்போதெல்லாம் சின்த் ஒரு கணம் அமுங்கி மறுபடி எழுவதைக் கேட்டிருப்பீர்கள், சைடுசெயின் கம்பிரஷன் செய்கிற வேலை அது. ஆளை ஆடவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கிட்டார் சுவர் மாதிரி நின்றால் அந்த மூச்சு காதுக்கே வராது.

இன்னொன்று. உங்கள் பழைய டிரெமலோ ரிஃப் (ஒவ்வொரு சுரத்தையும் வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டும் கிட்டார் துணுக்கு) ஒன்றை எடுத்து, டிஸ்டார்ஷன் இல்லாமல், பாதி வேகத்தில், கீபோர்டில் ஒரு விரலால் வாசித்துப் பாருங்கள். பிளாக் மெட்டல் ரிஃப்களில் எத்தனை அழகான மெட்டு ஒளிந்திருக்கிறது என்று அப்போது தெரியும். அதிலிருந்து பல்லவி பிறக்கலாம். இந்த மெட்டு முன்பே இருந்த குழுக்களுக்குத்தான் மாற்றம் கைகூடுகிறது என்பது என் திடமான எண்ணம்.

கேள்வி: உறுமுகிறவருக்குப் பாட வருமா?

பதில்: வரும், ஆனால் இது தனி வித்தை. உறுமலில் பொய்க் குரல்நாண்கள்தான் அதிகம் வேலை செய்யும், சுருதி பெரிய விஷயமில்லை. பாட்டில் சுருதிதான் எல்லாமே. நல்ல ஆசிரியரிடம் போகச் சொல்லுங்கள், தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: டெத் மெட்டல் குழுவான மோர்பிட் ஏஞ்சல் ஏன் அப்படி மண்ணைக் கவ்வியது?

பதில்: 2011-இல் வந்த 'இல்லுட் டிவினம் இன்சானஸ்' ஆல்பத்தால். எட்டு வருடம் காத்திருந்த ரசிகர்களுக்குக் கிடைத்தது பாதி டெத் மெட்டல், பாதி டெக்னோ சாயல் கொண்ட இண்டஸ்ட்ரியல் (இயந்திரச் சத்தம் மாதிரியான எலக்ட்ரானிக் இசை). எலக்ட்ரானிக் தாளம் வந்ததில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகளில் ஆடவைக்கும் துள்ளலும் இல்லை, மெட்டலின் பாரமும் இல்லை, பக்கத்துப் பாட்டிலேயே அசல் டெத் மெட்டல் வந்து இதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இரண்டு தோணியில் கால் வைத்தால் இதுதான் கதி. 2017-இல் ஸ்டீவ் டக்கர் குரலோடு 'கிங்டம்ஸ் டிஸ்டெய்ன்ட்' போட்டு டெத் மெட்டலுக்கே திரும்பினார்கள்.

கேள்வி: மெட்டல் குழு செல்டிக் ஃப்ராஸ்டின் 'கோல்ட் லேக்' ஆல்பமும் இந்தக் கணக்குதானா சார்?

பதில்: இல்லை, 1988-இல் அவர்கள் போனது கிளாம் (பளபளப்பான, ஒப்பனை போட்ட ராக்) பக்கம். குழுவின் பாடகர் டாம் வாரியரே அந்த ஆல்பத்தை ஒதுக்கிவிட்டார்.

கேள்வி: எங்கள் குழுவில் இரண்டு பேருக்குப் பாப் ஆசை, இரண்டு பேருக்கு மெட்டல்தான் உயிர். பேரை மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள், இன்னொரு குழு தொடங்குங்கள். பீட்டர் டெக்ட்கிரன் ஹிப்போக்ரஸி என்ற குழுவில் டெத் மெட்டல், பெயின் என்ற இன்னொரு குழுவில் எலக்ட்ரானிக் தாளத்தோடு பல்லவி என்று இரண்டையும் நடத்துகிறார், இரண்டு பக்கமும் ஏமாறவில்லை. நால்வருக்கும் மனம் ஒரே பக்கம் போய்விட்டது என்றால் அதே பேரில் துணிந்து போகலாம். ஒன்று மட்டும் வேண்டாம்: மெட்டல் ஆல்பத்தின் நடுவில் மூன்று டான்ஸ் பாட்டைச் செருகி ஆழம் பார்ப்பது.

கேள்வி: சரி, நன்றாக மாறியவர்களை எந்த வரிசையில் கேட்பது?

பதில்: நார்வேயின் உல்வர் குழுவில் தொடங்குங்கள். 1997-இன் 'நாட்டென்ஸ் மாட்ரிகால்', காதைக் கிழிக்கும் பிளாக் மெட்டல். அப்புறம் நேராக 2017-இன் 'தி அசாசினேஷன் ஆஃப் ஜூலியஸ் சீசர்', முழு சின்த் பாப். நடுவில் இருபது வருடம் பல எலக்ட்ரானிக் பாதைகளில் நடந்திருக்கிறார்கள், அதனால் இது ஒரே ராத்திரியில் நடந்ததில்லை. அடுத்து மெட்டலிலிருந்து எலக்ட்ரானிக் பாப்புக்கு வந்த தியேட்டர் ஆஃப் ட்ராஜெடியின் 'மியூசிக்', 2000. பின்பு டெத்கோரில் (டெத் மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த பாணி) தொடங்கிய பிரிங் மீ தி ஹொரைசனின் 'ஆமோ', 2019, பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம். கடைசியாக கோஸ்ட் குழுவின் 'டான்ஸ் மகாபர்' என்ற பாட்டு. அதைப் பாடும் டோபியஸ் ஃபோர்ஜ் ஒருகாலத்தில் ரிபக்னன்ட் என்ற டெத் மெட்டல் குழுவில் உறுமியவர், அதையும் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.