பழத்தின் நீரை முதலில் வற்றவையுங்கள்: வீட்டு ஃபட்ஜ் பற்றிய கேள்வி பதில்

நத்தாரும் தைப்பொங்கலும் நெருங்கிவரும் இந்நாட்களில், கடையில் வாங்கிய பிஸ்கட் பெட்டிக்குப் பதிலாகத் தம் கையால் செய்த இனிப்பைக் கொடுக்க விரும்பும் பலர், பழச்சுவை ஃபட்ஜ் பற்றி எனக்கு எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் டின்பாலும் (சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய பால்) சீனியும் சேர்த்துக் கிண்டும் மில்க் டொபிக்கு ஃபட்ஜ் நெருங்கிய உறவுதான். அதைவிட மென்மையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். கடிக்க வேண்டியதில்லை, நாவிலேயே கரையும். அட்டனில் என் வீட்டு அடுப்பில் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: பழத்தில் உள்ள நீரையும் புளிப்பையும் என்ன செய்வது?

அக்கா, நான் இதுவரை எந்த இனிப்பும் கிண்டியதில்லை. பிள்ளையின் ஆசிரியைக்குக் கொடுக்க, பிழைக்காத ஒரு முறை சொல்லுங்கள். (பண்டாரவளை)

வெள்ளைச் சொக்லட்டும் டின்பாலும் கொண்டு செய்யும் முறையே முதன்முறை செய்பவருக்கு ஏற்றது. அதில் பாகு பதம் பார்க்கும் வேலையே இல்லை. 600 கிராம் வெள்ளைச் சொக்லட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு டின் பாலையும் 30 கிராம் பட்டரையும் சேர்த்து, கொதிநீர்ச் சட்டியின்மேல் வைத்த பாத்திரத்தில் மெதுவாக உருக்குங்கள். பாத்திரத்தின் அடி கொதிநீரைத் தொடக்கூடாது. சூடு மிகுந்தால் சொக்லட்டிலுள்ள கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்துவிடும். எல்லாம் ஒன்றாகிப் பளபளத்ததும் இறக்கி, வற்றவைத்த பழக்குழம்பு மூன்று மேசைக்கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, ஒயில் பேப்பர் விரித்த 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வையுங்கள். உப்பைச் சேர்க்க மறக்காதீர்கள். வெள்ளைச் சொக்லட்டின் இனிப்பு தனித்து நின்றால் திகட்டும். உப்புத்தான் பழத்தின் சுவையை முன்னுக்குக் கொண்டுவரும்.

பழக்குழம்பு என்று நான் சொல்வது இதைத்தான்: அரை கிலோ ஸ்ட்ரோபெரியைக் கழுவித் துடைத்து, மசித்து, அகன்ற சட்டியில் சீனி சேர்க்காமல் மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஸ்ட்ரோபெரியின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். முதலில் சட்டி நிறையக் கொதித்துத் தெறிக்கும். பிறகு சத்தம் மாறும். அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு உடனே மூடாமல் இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்க வேண்டும். அப்போது உங்களிடம் எஞ்சியிருப்பது அரைக் கோப்பைக்கும் குறைவாகவே இருக்கும். அந்தச் சிறிதளவில்தான் அரை கிலோ பழத்தின் மணமும் புளிப்பும் அடங்கியிருக்கின்றன.

சமையல் குறிப்பில் 115 பாகை செல்சியஸ் என்று இருந்தது. வெப்பமானி வைத்து மிகச் சரியாக 115 வரை காய்ச்சினேன். இரண்டு முறையும் கல்லாகிப் பொடிந்துவிட்டது. வெப்பமானி பழுதா? (நுவரெலியா)

வெப்பமானியில் பிழை இல்லை, உங்களிடமும் பிழை இல்லை. அந்தக் குறிப்பு கடல்மட்டத்தில் இருப்பவருக்காக எழுதப்பட்டது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீற்றருக்கும் நீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு பாகை இறங்குகிறது. ஆகவே கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் நீர், உங்கள் வீட்டில் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் சீனிப்பாகின் வெப்பநிலை, அதில் இன்னும் எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லும் அடையாளம் மாத்திரமே; அந்த அடையாளமும் நீரின் கொதிநிலையோடு சேர்ந்தே இறங்குகிறது. நீங்கள் 115 வரை காய்ச்சியபோது, உங்கள் பாகு கொழும்புக் கணக்கில் 121 பாகைக்குப் போய்விட்டது. அது ஃபட்ஜின் பதத்தைத் தாண்டிய, கெட்டி டொபியின் பதம்.

ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானியின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பிடித்து, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறிலிருந்து அது எத்தனை பாகை குறைகிறதோ, அத்தனையையும் சமையல் குறிப்பிலுள்ள எண்ணிலிருந்து கழித்துவிடுங்கள். ஃபட்ஜுக்கான பதம் கடல்மட்டத்தில் 112 முதல் 116 பாகை. நுவரெலியாவில் அது 106 முதல் 110. அட்டனில் நான்கு பாகை குறைத்தால் போதும், கண்டியில் ஒன்றரை அல்லது இரண்டு. இப்படிச் செய்தால் வெப்பமானியில் சிறு பிழை இருந்தாலும் அதுவும் சேர்ந்தே சரியாகிவிடும். இதை அறியாமல் நம் ஊர்களில் எத்தனை பேர் தம் கைப்பக்குவத்தையே குறை சொல்லி இந்த இனிப்பைக் கைவிட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் லயத்தில் விறகடுப்புத்தான். வெப்பமானியும் இல்லை, குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. செய்ய முடியுமா? (மஸ்கெலியா)

தாராளமாக முடியும். வெப்பமானி வைத்திருப்பவரைவிட உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. குளிர்ந்த நீரில் பாகைச் சொட்டிப் பார்க்கும் பழைய முறைக்கு உயரக் கணக்கே வேண்டியதில்லை, ஏனெனில் அது பாகின் கெட்டித்தன்மையையே நேரடியாகச் சோதிக்கிறது. மஸ்கெலியாவானாலும் மன்னாரானாலும் அது ஒன்றுதான்.

கனமான அடியுள்ள சட்டியில் 450 கிராம் சீனி, ஒரு டின் பால், 115 கிராம் பட்டர், 150 மில்லிலீற்றர் பசும்பால் ஆகியவற்றைச் சேர்த்து, சீனி முழுதாகக் கரையும்வரை தணலில் கிளறுங்கள். சட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சீனிமணிகளை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அவற்றில் ஒன்று பாகில் விழுந்தாலும் கரகரப்பு அதிலிருந்தே தொடங்கும். பிறகு மிதமான தீயில், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். விறகடுப்பில் தீ ஒருபக்கமாக எரிவதால் சட்டியை அவ்வப்போது திருப்பிவைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பின், ஒரு கிண்ணம் குளிர்நீரில் சில துளிகளை விட்டு விரலால் உருட்டிப் பாருங்கள். நீருக்குள் உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்து விரல்களுக்கிடையில் பிடித்தவுடன் தளர்ந்து தட்டையானால் அதுதான் பதம். சோதிக்கும் நேரத்தில் சட்டியைக் கட்டாயம் இறக்கிவைத்திருங்கள். நீங்கள் உருட்டிப் பார்க்கும் அரை நிமிடத்தில் பாகு பதம் தாண்டிவிடும்.

இனிப் பொறுமை வேண்டிய கட்டம். சட்டியை இறக்கி, அசைக்காமல், அகப்பையும் போடாமல் ஆறவிடுங்கள். சட்டியின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரிய வேண்டும், ஆனால் கை சுடக்கூடாது; ஏறக்குறைய 45 முதல் 50 பாகை. சூடாக இருக்கும்போதே அடித்தால் சீனி பெரிய மணிகளாகப் படியும். ஆறியபின் அடித்தால் எண்ணற்ற நுண்மணிகளாகப் படியும், அந்த நுண்மைதான் ஃபட்ஜின் வழுவழுப்பு. இப்போது மூன்று மேசைக்கரண்டி பழக்குழம்பைச் சேர்த்து, அகப்பையால் விடாமல் அடியுங்கள். முதலில் அது தேன்போல் மின்னிக்கொண்டு அகப்பையிலிருந்து நூலாக வழியும். கை வலிக்கத் தொடங்கும் வேளையில், பத்து நிமிடமளவில், திடீரென அந்த மினுக்கம் மங்கும். மேற்பரப்பு தேய்த்த பட்டுத்துணிபோல் ஒளியிழந்து, அகப்பை சற்றுக் கனக்கும். அந்தக் கணத்திலேயே நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமப்படுத்திவிடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் சட்டியிலேயே இறுகிவிடும். மஸ்கெலியாக் குளிரில் அது மேசைமீதே இரண்டு மணி நேரத்தில் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும், குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை.

பாலோடு ஸ்ட்ரோபெரிச் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சியதும் திரைந்துவிட்டது. அடுத்த முறை அப்பச்சோடா போட்டேன். திரையவில்லை, ஆனால் நிறம் சாம்பல் கலந்த ஊதாவாகிவிட்டது. (தலவாக்கலை)

முதல் தவறு எனக்கும் நேர்ந்ததுதான். ஒரு திருமண வீட்டுக்கு ஒப்புக்கொண்ட முதல் பெரிய வேலையில், பழச்சாற்றைத் தொடக்கத்திலேயே பாலில் ஊற்றி, ஒரு கிலோ சீனியும் இரண்டு டின் பாலும் தயிரும் நீருமாகப் பிரிந்து நின்றதைக் கண்டு இரவு முழுதும் மனம் உடைந்திருந்தேன். பழத்தின் அமிலம் பாலின் புரதத்தைத் திரைக்கிறது. அதோடு நில்லாமல், அமிலமும் சூடும் நீண்ட நேரம் சேர்ந்திருந்தால் சீனி குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் பிரிகிறது. இது சிறிதளவு நடந்தால் ஃபட்ஜ் மென்மையாகும். அளவு மீறினால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இறுகாது. அதனால்தான் பழம் இறுதியில், ஆறிய பாகில், நீரின்றிச் சேரவேண்டும் என்று மறுபடியும் சொல்கிறேன்.

அப்பச்சோடா அமிலத்தை முறிப்பது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரோபெரியின் சிவப்பு அமிலத்தில் மாத்திரமே சிவப்பாக இருக்கும், காரத்தில் நீலம் நோக்கிப் போகும். பழத்தின் புளிப்புச் சுவையும் அதோடு போய்விடும். சோடாவை விட்டுவிடுங்கள். நிறம் வெளிறுவதாகத் தோன்றினால், அடிக்கும்போது இரண்டு துளி பீட்ரூட் சாறு போதும்.

எந்தப் பழம் எளிது? யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக் கொழும்பான் மாம்பழம் வந்திருக்கிறது. வீட்டில் அன்னாசியும் கொடித்தோடையும் இருக்கின்றன. (பதுளை)

உங்களுக்கு முதலில் நான் சொல்வது இவை எதுவுமல்ல, தோடம்பழத் தோல். தோலின் நிறமுள்ள மேற்பகுதியில் இருப்பது நறுமண எண்ணெய். அதில் நீருமில்லை, புளிப்புமில்லை. பக்கத்திலுள்ள பிபிலைத் தோடம்பழம் கிடைத்தால், இரண்டு பழத்தின் தோலை மெல்லியதாகத் துருவி, அடிக்கும்போது சேருங்கள். உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும், அதைத் தொடாதீர்கள்.

கறுத்தக் கொழும்பானின் சதை இனிப்பும் மணமும் நிறைந்தது, வற்றவைத்தால் அருமையான குழம்பாகும். ஆனால் விரைவில் அடிபிடிக்கும், கையை எடுக்காதீர்கள். அன்னாசியைப் பச்சையாகப் பாலில் சேர்த்தால், அதிலுள்ள நொதியம் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். நன்றாகக் கொதிக்கவைத்து வற்றவைத்தால் அந்த நொதியம் அழிந்துவிடும், பிறகு அச்சமில்லை. கொடித்தோடை மிகுந்த புளிப்புள்ளது. அதைச் சொக்லட் முறையில் மாத்திரம், விதை நீக்கி, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேற்படாமல் பயன்படுத்துங்கள். அந்தப் புளிப்பு வெள்ளைச் சொக்லட்டின் தித்திப்போடு சேரும்போது கிடைக்கும் சுவையை நான் வேறெதிலும் கண்டதில்லை.

கடை ஜேம் சேர்க்கலாமா? (புசல்லாவை)

சொக்லட் முறையில் சேர்க்கலாம். ஜேம் ஏற்கெனவே வற்றியதுதான். ஆனால் பழமணம் குறைவாக இருக்கும், ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளியை ஜேமிலேயே கலந்து சற்றுச் சூடாக்கிச் சேருங்கள். பாகு முறைக்கு ஜேம் வேண்டாம், இளகிவிடும்.

பசும்பால் இல்லை. பால்மா போதுமா? (அப்புத்தளை)

போதும். முழு ஆடைப்பால்மா இரண்டு குவித்த மேசைக்கரண்டியை 150 மில்லிலீற்றர் நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள்.

இறுகாமல் போனதை எறிந்துவிட வேண்டியதுதானா? (அட்டன்)

எறியவேண்டாம். இறுகாத பாகு ஃபட்ஜையும், கரகரத்துப் பொடிந்ததையும், சட்டியில் திரும்பப் போட்டு 50 மில்லிலீற்றர் பாலோடு மெதுவாகக் கரைத்து, மறுபடியும் பதம்வரை காய்ச்சி, ஆறவைத்து அடிக்கலாம். பழத்தின் புளிப்பு ஏற்கெனவே அதில் இருப்பதால் தீயைக் குறைத்தே வையுங்கள். மீண்டும் இறுகவில்லையென்றால் சூடான அப்பத்தின்மீது ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அதை வேண்டாமென்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கொழும்பில் வேலை செய்யும் அக்காவுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். உருகுமா? எப்படிப் பொதி செய்வது? (மஸ்கெலியா)

கொழும்புக்கு அனுப்புவதென்றால் பாகு முறையிலேயே செய்யுங்கள். சொக்லட் ஃபட்ஜ் மலையில் கட்டியாக இருந்தாலும், கீழே இறங்கி மதிய வெயிலில் பஸ்ஸுக்குள் இளகிவிடும். பாகு ஃபட்ஜைத் தாங்கி நிற்பது சீனிமணிகள்; அந்தச் சூட்டில் அவை உருகுவதில்லை.

முதல்நாள் வெட்டி, ஓரிரவு காற்றில் விட்டு ஓரங்கள் காயவிடுங்கள். ஆனால் பனிமூட்டமோ அடைமழையோ உள்ள நாளில் திறந்து வைக்காதீர்கள், சீனி காற்றின் ஈரத்தை இழுத்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமாக மூடும் டின்னில் அடுக்கி, அடுக்குகளுக்கிடையிலும் ஒரு தாள் விரியுங்கள். தோடம்பழ ஃபட்ஜையும் ஸ்ட்ரோபெரி ஃபட்ஜையும் ஒரே டின்னில் வைத்தால் இரண்டும் தோடம்பழ மணமே மணக்கும், தனித்தனி டின் வேண்டும். காற்றுப் புகாத டின்னில் குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரம்வரை நன்றாக இருக்கும், என்றாலும் முதல் வாரத்தில் உண்பதே சுவை. மூடியில் சிறு தாளொன்றை ஒட்டி, செய்த திகதியையும், உள்ளே பாலும் பட்டரும், கஜு சேர்த்திருந்தால் அதுவும், இருப்பதாகத் தெளிவாக எழுதுங்கள். அலுவலகத்தில் அக்கா அதைப் பலருக்கும் பகிர்ந்துகொடுப்பார், அவர்களில் கஜு ஒவ்வாதவர் ஒருவர் இருக்கக்கூடும். பஸ்ஸில் கொண்டுபோகிறவரிடம், எஞ்சின் பக்கத்தில் வைக்காமல் மடியிலேயே வைத்திருக்கச் சொல்லிவிடுங்கள்.