ஓடுகிற ரத்தத்தில் புற்றுநோய் செல் எப்படி ஒட்டுகிறது?

கேள்வி: ரத்தம்தான் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதில் மிதந்து வரும் புற்றுநோய் செல் மட்டும் எப்படிக் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? அடித்துக்கொண்டு போய்விடாதா?

பதில்: பெரும்பாலும் அடித்துக்கொண்டுதான் போகிறது, போகிற வழியிலேயே செத்தும் விடுகிறது. 1970இல் ஐசையா ஃபிட்லர் என்ற ஆராய்ச்சியாளர், கதிரியக்க அடையாளம் போட்ட புற்றுநோய் செல்களைச் சுண்டெலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். ஒரே நாளுக்குள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. கட்டியாக வளர மிஞ்சியவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நோயாளிகள் பயந்துபோய்க் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றும்.

சரி, அந்த மிச்சம் எப்படி நிற்கிறது? இதயத்துக்குப் பக்கத்தில் ரத்தம் பாய்ந்து ஓடினாலும், தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கு வந்து சேரும்போது ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராத அளவுக்கு ஊர்ந்துதான் போகிறது. தந்துகியின் அகலம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான், பல புற்றுநோய் செல்கள் அதைவிடப் பெரியவை, அதனால் சும்மாவே சிக்கிக்கொள்வதும் உண்டு.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வழி. உடம்பில் எங்காவது அழற்சி வந்தால், அங்கே இருக்கும் குழாயின் உள்சுவர் செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டும். ஓடி வருகிற வெள்ளை அணுவின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையை அது பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும்; அணு சுவரோரமாக உருண்டு உருண்டு வேகம் குறையும். அதே மாதிரி சர்க்கரையைப் பல புற்றுநோய் செல்களும் மேலே போர்த்தியிருக்கின்றன, அதனால் வெள்ளை அணுவுக்காக நீட்டிய கையை இவை பிடித்துக்கொள்கின்றன! கணையப் புற்றுநோய்க்கு சிஏ 19-9 என்று ரத்தத்தில் அளந்து பார்க்கிறார்களே, அதுவும் இந்தச் சர்க்கரைக் குடும்பம்தான்.

அப்புறம் இன்டக்ரின் என்ற புரதம் வந்து இறுக்கிப் பிடித்தால் உருளல் நின்றுவிடும். சுற்றிலும் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் மறைத்தும் விடுகின்றன. பிறகு சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியேற வேண்டியதுதான்.

வெளியேறினதும் கட்டி ஆகிவிடுமா என்றால், இல்லை. பல செல்கள் அங்கேயே செத்துப்போகும், சில வருடக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர்களையும் டாக்டர்கள் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.