கேட் மோட்டாரின் சர்க்யூட் போர்டில் டிராக் (மின்சாரம் போகும் செம்புக் கோடு) அரித்துவிட்டது. கைவினைக் கடைப் பொருளை வைத்தே சரிசெய்யலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைப் பக்கம் இது ஓயாத தொல்லை. எறும்பு கூடு கட்டும், பல்லி நுழையும், மிச்சத்தை ஈரக்காற்று பார்த்துக்கொள்ளும். சரிசெய்யலாம்தான்.

வாங்க வேண்டியது ஸ்டெயின்ட் கிளாஸ் வேலைக்கு விற்கும் காப்பர் ஃபாயில் டேப். சாதாரண போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். இந்த டேப் 25 முதல் 38 மைக்ரான் வரை கிடைக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஃபிளக்ஸை (சால்டர் பிடிக்கப் பூசும் பொருள்) மட்டும் எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு இருக்கும். மிச்சம் தங்கினால் செம்பை மறுபடி அரிக்கும். உள்ளே ரோசின் ஃபிளக்ஸ் உள்ள சால்டர் கம்பியே போதும்.

230 வோல்ட் ஐசோலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணையுங்கள், பேட்டரி ஒயரையும் கழற்றுங்கள். மின்வெட்டுக்காக வைத்த 12 வோல்ட் பேட்டரிதானே என்று விட்டால், ஷார்ட் ஆகும்போது ஒயரே சிவக்கப் பழுத்துவிடும். அரிப்பால் வந்த பச்சைப் படிவைச் சுரண்டி, அறுந்த இடத்தின் இரு முனையிலும் 3 மி.மீ. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை போர்டின் பச்சைப் பூச்சை எடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டேப்பை டிராக்கின் அகலத்துக்கு வெட்டி ஒட்டி, ஐஸ்கிரீம் குச்சியால் அழுத்தித் தேயுங்கள். டேப்பின் பசை பொதுவாக மின்சாரம் கடத்தாது, அதனால் இரு முனையிலும் சால்டர் கட்டாயம். சால்டரிங் அயர்னை 350 டிகிரி செல்சியஸில் 2 விநாடி வைத்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் பசை இளகி டேப் நகரும். பிறகு பக்கத்து டிராக்குடன் ஷார்ட் உண்டா என்று மீட்டரில் பாருங்கள்.

இதெல்லாம் குறைந்த மின்சாரம் போகும் மெல்லிய சிக்னல் டிராக்குக்கு. மோட்டாருக்குப் போகும் தடித்த டிராக்கில் ஃபாயில் தாங்காது, 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரைப் போடுங்கள். 230 வோல்ட் பக்கத்தில் இந்தக் கைவேலையே வேண்டாம்.

அந்த ஒயருக்குப் பதில் கைவினைக் கடையின் மணி கோர்க்கும் கம்பியை நம்புமுன் காந்தம் வையுங்கள்: ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அநேகமாக அலுமினியம், சால்டர் பிடிக்காது. சிவப்பாக இருந்தால் செம்பு. வண்ணப் பூச்சை முழுக்கச் சுரண்டிய பிறகே சால்டர் ஏறும்.

சரிசெய்த இடத்தின் மேலே பூச, நகை செய்யும் யுவி ரெசின் (புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் பிசின்) நல்லது, மெல்லிய படலமாக மட்டும். வெளிச்சம் படாத ஐ.சி. (சிப்) அடியில் அது காயாமல் பிசுபிசுக்கும். ரிலே, கனெக்டர், ஆன்டெனா மேல் படக்கூடாது. ஹாட் குளூ வேண்டாம், வெயிலில் பெட்டி சூடேறினால் இளகும்.

கடைசியாக ஒயர் நுழையும் ஓட்டையை நியூட்ரல் கியூர் சிலிக்கானால் அடையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். மூடிய பெட்டிக்குள் அதுவே செம்பை அரிக்கும்.