இதுகூடத் தெரியாதா, டீச்சர்?

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்தவள். மலையகத்துக் கணித ஆசிரியர்கள் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு கற்றல் குழு நடத்துகிறோம். மாதம் ஒருமுறை சூமிலும் கூடுவோம். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோமே, அது ஏன் என்று தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என அதில் கேட்டேன். ஒரு சிரேஷ்ட ஆசிரியர், "இதுகூடத் தெரியாதா டீச்சர்? இப்படித்தான் நியமனம் குடுக்கிறாங்களா?" என்று எழுதினார். பலர் சிரிக்கும் முகம் போட்டார்கள். நான் கேள்வியை அழித்துவிட்டு வெளியேறிவிட்டேன். உரையாடலின் படத்தை இணைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட குழுக்களுக்கு எழுத்தில் விதிகள் வேண்டாமா? எல்லோரையும் சேர், மேடம் என்றுதான் அழைக்க வேண்டுமா? இரவு பத்து மணிக்குக் குரல் பதிவு அனுப்புவது சரியா? வலயக் கல்விப் பணிமனையில் முறையிடலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள மகளுக்கு,

முதலில் உங்களை ஏசிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் அத்தனை பேரின் பெயரும், சிலரின் தொலைபேசி இலக்கமும் இருந்தன. தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் என்று நம்பி ஓர் இடத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பேச்சைப் படம் பிடித்து வெளியே இருக்கிற எனக்கு எப்படி அனுப்பினீர்கள்? உங்களை ஏசியவர் செய்தது தப்புத்தான். அதனால் இது சரியாகிவிடாது. நான் அழித்துவிட்டேன். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.

சேர், மேடம் விஷயம் பெரிதில்லை. பழகிய வாய்க்கு எது வருகிறதோ அது வரட்டும். இரவு பத்து மணிக்கு வரும் குரல் பதிவைக் காலையில் கேட்டால் போதும். பணிமனைக்குப் போக வேண்டாம்.

உங்கள் கேள்வியைத்தான் நான் விடமாட்டேன். அது சின்னக் கேள்வியா? லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய இதையேதான் ஆசிரியர்களிடம் கேட்டார். ஒன்றே முக்காலை அரையால் வகுங்கள், பிறகு அந்தக் கணக்குக்குப் பொருந்தும் அன்றாடக் கதை ஒன்று சொல்லுங்கள் என்றார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகச் செய்தார்கள். அவர்களில்கூட 65 பேர்தான் சரியான கதை சொன்னார்கள். ஆக, விடை தெரிந்த ஆசிரியருக்கும் விளக்கம் கைவராமல் போகும் இடம் இது. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு விளக்கம் தெரியும்? தெரிந்த ஒருவராவது அதை இரண்டு வரியில் எழுதியிருப்பார் அல்லவா? நீங்கள் அனுப்பிய படத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அந்தச் சீன ஆசிரியர்களுக்கு இது எப்படிக் கைவந்தது என்பதற்கு லிப்பிங் மா சொல்லும் காரணங்களில் ஒன்று, அவர்கள் பாடசாலையிலேயே ஒன்றாக உட்கார்ந்து பாடத்தைப் பேசும் வழக்கம். மூத்தவரும் புதியவரும் ஒரே மேசையில். லிப்பிங் மாவே ஷாங்காயிலிருந்து தென்சீனாவின் மலைக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, எட்டாம் வகுப்புப் படிப்போடு அங்கே பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியவர். நம் தோட்டப் பாடசாலைகளில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, விளக்கத்துக்கு வருகிறேன். முக்கால் லீற்றர் பால் இருக்கிறது. அரை லீற்றர் போத்தலில் ஊற்றினால் எத்தனை போத்தல்? ஒரு போத்தல் நிறையும், இன்னொன்றில் பாதி. ஒன்றரை போத்தல். இங்கேதான் பிள்ளைகள் சிக்குவார்கள். "மிச்சம் கால் லீற்றர்தானே சேர், அப்ப ஒன்றேகால்தானே?" என்பார்கள். அவசரப்பட்டு அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். கால் லீற்றர் என்பதும் உண்மை, அரைப் போத்தல் என்பதும் உண்மை. நாம் இப்போது எண்ணுவது போத்தலை. இது பிடிபட்ட பிறகு கேளுங்கள்: ஒரு லீற்றரில் எத்தனை அரை லீற்றர்ப் போத்தல்? இரண்டு. அப்படியானால் முக்கால் லீற்றரில் அந்த இரண்டின் முக்கால் பங்கு. அரையைத் தலைகீழாக்கினால் வருவது இந்த இரண்டுதான். போத்தலை மூன்றில் இரண்டு லீற்றராக மாற்றினால், ஒரு லீற்றருக்கு ஒன்றரை போத்தல். அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். உண்மையான போத்தலும் தண்ணீரும் கொண்டு போங்கள். வகுப்பு நனையும், நனையட்டும்.

இந்தச் சங்கதி எனக்கு முதல் நியமனத்தில் கிடைத்தது. டிக்கோயாப் பக்கம் ஒரு பாடசாலை. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, நடுவில் மறைப்பு இல்லை. அங்கே வயதில் மூத்த ஒரு டீச்சர், பாற்காரரிடம் வாங்கிய அளவுப் பாத்திரத்தை வைத்துப் பின்னம் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் திரும்பி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், கரும்பலகையில் அவர் எழுதியிருந்த ஒரு எழுத்துப்பிழையைச் சோக்கால் சுழித்து, "உனக்கு யார் நியமனம் தந்தது?" என்று ஐந்து வகுப்பும் கேட்கும்படி கத்தினார். டீச்சர் சேலைத் தலைப்பால் அந்தச் சொல்லைத் துடைத்தார். டஸ்டர் மேசையில்தான் இருந்தது. அதன் பிறகு பாத்திரம் வகுப்புக்கு வரவில்லை. வாசலில் நிழல் தட்டினால் கரும்பலகையை விட்டு நகர்ந்துவிடுவார். ஓர் எழுத்தைத் திருத்துகிறேன் என்று வந்தவர், நல்ல ஆசிரியை ஒருவரையே வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் விடிகாலைப் பிரட்டுக்களத்தில் நம் பாட்டன் பாட்டிமார் வரிசையில் நிற்க, கொழுந்து குறைந்தவளை, பிந்தி வந்தவனை, எல்லார் முன்னாலும் பேர் சொல்லி ஏசுவார்கள். ஏசப்படுகிறவரைவிடப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் அது பாடம். இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை தோட்டத்தின் சம்பளத்தில் இருந்த ஆசிரியரும் தோட்டத்தை நடத்திய அதே துரைக்கு முன்னால்தான் கைகட்டி நின்றார். பிரட்டுக்களத்து ஏச்சு அப்படித்தான் வகுப்பறைக்குள் வந்தது. இப்போது படித்துப் பட்டம் வாங்கி, கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நாமும் ஒருவரையொருவர் அதே குரலில் ஏசுகிறோம். எனக்கு இது தாங்கவில்லை.

ஏசியவரைவிடச் சிரிக்கும் முகம் போட்டவர்கள் மீதுதான் எனக்கு அதிகக் கோபம். அவர்களில் பாதிப் பேருக்காவது மனதில் அதே கேள்வி இருந்திருக்கும். உங்களோடு அவர்களின் கேள்வியும் செத்துப்போனது. அடுத்த மாதம் யார் அந்தக் குழுவில் எதைக் கேட்கப் போகிறார்கள்? வினாத்தாளும் சுற்றுநிருபமும் காலை வணக்கப் படமும்தான் வந்துகொண்டிருக்கும். அதற்குக் கற்றல் குழு என்ற பெயர் எதற்கு?

விதி வேண்டும் என்கிறீர்கள். எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. கணக்குப் பிழைத்தால் எல்லார் முன்னாலும் திருத்தலாம், அதில் எல்லாருக்கும் பயன் உண்டு. ஆளின் தகுதியை, நியமனத்தை, ஊரை, படித்த இடத்தை யாரும் தொடக்கூடாது. தொட்டால் குழு நடத்துபவர் அன்றைக்கே, அங்கேயே சொல்ல வேண்டும். இவ்வளவும் இருந்தால் எனக்குப் போதும்.

நீங்கள் குழு நடத்துபவரைத் தொலைபேசியில் அழையுங்கள். எழுதாதீர்கள், பேசுங்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த சூம் கூட்டத்தில் அரை மணி நேரம் கேளுங்கள். போத்தலோடு உட்கார்ந்து அந்தக் கேள்வியையே மறுபடி போடுங்கள். உங்களை ஏசிய அந்த ஆசிரியரிடம், அவருடைய வகுப்பில் இதை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். மடக்குவதற்காகக் கேட்கக் கூடாது, தெரிந்துகொள்ளக் கேளுங்கள். இத்தனை வருஷம் கற்பித்தவரிடம் நமக்குத் தெரியாத ஒரு வழி இருக்கலாம். அவர் சொன்னால் எனக்கும் எழுதுங்கள். படம் வேண்டாம், உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.