ரீமாஸ்டர் செய்தும் ஏன் மங்கல்? இசைத்தட்டு கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்து ராக் இசைக்குழுவான யெஸ்ஸின் 'யெஸ்சாங்ஸ்' கச்சேரி ஆல்பத்தின் ரீமாஸ்டர் (பழைய பதிவுக்கு மெருகேற்றிய) சிடியை வாங்கினேன். சத்தம் கூடியிருக்கிறது, ஆனால் பழைய பதிப்பின் மங்கல் போகவே இல்லை. கோளாறு சிடியிலா, என் ஸ்பீக்கரிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. 1972இல் நடந்த கச்சேரிகளைப் பதிவுசெய்து, 1973 மே மாதம் மூன்று எல்பி தட்டுகளாக வெளியிட்ட ஆல்பம் அது. மேடையில் ஓடியது மல்டிட்ராக் டேப். டிரம்ஸ், பேஸ் கிட்டார், குரல் எல்லாம் அதில் தனித்தனித் தடங்களில் இருக்கும். அவற்றைக் கலந்து, இடம் வலம் என இரண்டே தடமாக ஆக்கியதுதான் மாஸ்டர் டேப். ரீமாஸ்டர் செய்பவர் கையில் இருப்பது அந்த இரண்டு தடங்கள் மட்டும்தான். குரல் தெளியட்டும் என்று 3 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம் 2 டெசிபல் ஏற்றினால், சிம்பலும் கைதட்டலும் கூடவே ஏறிவிடும். 200 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கினால் மங்கல் கொஞ்சம் விலகும், ஆனால் கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிட்டார் மெலிந்துபோகும். அந்த பேஸ் மெலிந்தால் யெஸ் இசையில் பாதி போயிற்று.

மங்கலைத் தீர்க்க வேண்டுமானால் ரீமிக்ஸ் வேண்டும், அதாவது மல்டிட்ராக் டேப்பைத் திரும்ப எடுத்துப் புதிதாகக் கலக்க வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. பாடகரின் மைக்குக்குள் டிரம்ஸ் சத்தம் புகுந்திருக்கும், மேடையில் அதைத் தவிர்க்க முடியாது. அதனால் குரல் தடத்தை ஏற்றும்போதெல்லாம் டிரம்ஸும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆனாலும் வித்தியாசம் பெரிது. அதே 1972 சுற்றுப்பயணத்தின் ஏழு கச்சேரிகளை மல்டிட்ராக் டேப்பிலிருந்து கலந்து, 2015இல் 'புரொஜெனி' என்று 14 சிடிகளாக வெளியிட்டார்கள். ஏழிலும் பாடல் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே என்பதால், முதலில் அதன் இரண்டு சிடி தொகுப்பைக் கேளுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'டெலிகேட் சவுண்ட் ஆஃப் தண்டர்' (1988) ஆல்பத்துக்கும் 2019இல் நடந்தது ரீமிக்ஸ்தான், வெறும் ரீமாஸ்டர் அல்ல.

அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'மல்டிட்ராக்கிலிருந்து ரீமிக்ஸ்' என்று இருந்தால் புதிய கலவை. 'ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து' என்று மட்டும் இருந்தால் பழைய கலவைதான், மெருகு மட்டும் புதிது.

கேள்வி: பழைய சிடி, புதிய சிடி இரண்டில் எது மேல் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக்கூடக் காது 'தெளிவு' என்று ஏமாந்து எடுத்துக்கொள்ளும். ஒரே பாடலை இரண்டு சிடியிலிருந்தும் ஆடாசிட்டி மென்பொருளில் ஏற்றி, 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' கட்டளையில் இரண்டுக்கும் மைனஸ் 23 கொடுங்கள். பிறகு எது எது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள்.

கச்சேரி ஆல்பத்துக்கென்றே ஒரு சோதனை உண்டு. பாட்டு முடிந்ததும் வரும் கைதட்டலைக் கவனியுங்கள். அது பாட்டின் உச்சத்துக்கு இணையாக முழங்கினால் கம்ப்ரெஷனை (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதை) அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். கிக் டிரம் அடிகளின் நுனி மழுங்கியிருப்பதும் அதோடு சேர்ந்தே வரும். அப்படிப்பட்ட ரீமாஸ்டரைவிடப் பழைய சிடியே மேல்.

கேள்வி: 'யெஸ்சாங்ஸ்' ஆல்பத்தில் சில பாடல்களில் டிரம்ஸ் வாசிப்பு வேறு மாதிரி இருக்கிறதே?

பதில்: ஆளே வேறு. 'பெர்பெச்சுவல் சேஞ்ச்', 'லாங் டிஸ்டன்ஸ் ரன்அரவுண்ட்/தி ஃபிஷ்' இரண்டிலும் வாசிப்பவர் பில் புரூஃபோர்ட். 1972 நடுவில் அவர் கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார். மற்றவற்றில் ஆலன் வைட்.

கேள்வி: சிடியை எம்பி3 ஆக்கி போனில் போட்டேன். பாடலுக்குப் பாடல் கைதட்டல் அறுந்து விக்குகிறது.

பதில்: எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (சாம்பிள் எனும் ஒலி அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு சுமார் 26 மில்லிசெகண்ட். பாட்டின் நீளம் இதில் சரியாக அடங்காததால் முன்னும் பின்னும் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. ஸ்டுடியோ ஆல்பத்தில் அது பெரும்பாலும் தெரியாது. 'யெஸ்சாங்ஸ்' தொடக்கத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசை முடிந்து 'சைபீரியன் கட்ரு' பாய்கிற இடத்தில் அந்த மௌனம் விழுந்தால் எல்லாம் கெட்டது. தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் எடுங்கள், அதில் இந்த ஒட்டு வராது. செயலியில் பாடல்களை இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்' வசதியை இயக்கி, ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' வசதியை அணைத்துவிடுங்கள். ஒலியளவைச் சமன்செய்யும் 'ரீப்ளேகெயின்' வசதியைப் பாடல்வாரியாக வைக்காமல் ஆல்பம்வாரியாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே கைதட்டல் பாடல் எல்லையில் திடீரென்று ஏறி இறங்கும்.

கேள்வி: இவ்வளவு நீண்ட பாடல்களை மேடையில் எப்படி டேப்பில் பிடித்தார்கள்? அந்த டேப்பை இப்போது சூட்டில் வைக்கிறார்கள் என்பது உண்மையா?

பதில்: இரண்டங்குல டேப் ஒரு ரீலில் வழக்கமாக 2500 அடி இருக்கும். நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும், 30 அங்குல வேகத்தில் 16 நிமிடம் 40 நொடிதான். 'குளோஸ் டு தி எட்ஜ்' மட்டுமே 18 நிமிடத்துக்கு மேல்! ஆகவே கச்சேரிப் பதிவில் இரண்டு எந்திரங்களை வைத்து, ஒரு ரீல் தீருமுன் அடுத்ததை ஓட்டிவிடுவது நல்லது. இரண்டின் வேகமும் துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால் ஒட்டிய இடத்தில் சுருதி நழுவும்.

சூட்டில் வைப்பதும் உண்மைதான். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த, பின்பக்கத்திலும் பூச்சு உள்ள சில டேப்களில், காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். அப்படியே ஓட்டினால் கிறீச்சிடும், துகள் உரிந்து டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், பதிவும் அதோடு போகும். 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் சீரான வெப்பத்தில் குறைந்தது 8 மணி நேரம், அகலமான டேப்பென்றால் இன்னும் அதிக நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுவார்கள். குணம் நிலைப்பது சில வாரங்களே, அதற்குள் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் டிஜிட்டலாக நகலெடுத்துவிட வேண்டும். உங்களிடம் பழைய டேப் இருந்தால் ரீலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுற்றின் ஊடாக ஒளி தெரிந்தால் அது அசிடேட் எனும் பிளாஸ்டிக்கில் செய்த டேப். அதைச் சூடாக்கவே கூடாது. பாலியெஸ்டர் டேப்பாக இருந்தாலும் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள், அதன் வெப்பம் நிலையாக நிற்காது.