ஒட்டிக்கொண்ட ‘அப்’

அன்புள்ள ஐயா,

‘மேக் அப்’ என்பதற்கு அகராதியில் முகப்பூச்சு, கதை கட்டுதல், சமாதானமாதல், ஈடுகட்டுதல் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது? நடுவில் சிறுகோடு போட வேண்டுமா? நல்லவேளை, தமிழில் இந்தக் குழப்பம் இல்லை.
கே.

அன்புள்ள கே.,

சிறுகோடு சின்ன விஷயம். வினையாக வந்தால் பிரித்து எழுதுங்கள். பெயர்ச்சொல் என்றால் சேர்த்தோ கோடு போட்டோ எழுதலாம். மனப்பாடம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. தமிழில் இல்லையா? ‘சொல்லிவிட்டான்’, ‘சொல்லிக்கொண்டான்’, ‘சொல்லிவைத்தான்’, ‘சொல்லித் தொலைத்தான்’. அவன் எதையும் விடவில்லை, கொள்ளவில்லை, எங்கும் வைக்கவில்லை, தொலைக்கவும் இல்லை. முதலாவதில் காரியம் முடிந்தது. இரண்டாவது தனக்குத்தானே. மூன்றாவது, பின்னால் உதவும் என்று. நான்காவதில் நமக்கு எரிச்சல். இதையெல்லாம் யார் உங்களுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்? ‘சொல்லிக்கொடுத்தார்கள்’, பாருங்கள், இதுவும் அந்தக் கூட்டம்தான். வாய்க்குள்ளேயே இருப்பதை இல்லை என்று எழுதலாமா?

நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று குட்டிச் சொற்களை ஒட்டுகிறார்கள். ‘ட்ரிங்க் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் குடித்துவிடு. அங்கே ‘அப்’ செய்வது நம் ‘விடு’ செய்யும் வேலை. அயலாருக்குப் பெரிய தொல்லையே இந்த ஒட்டுகள்தான் என்று ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் 1755-இல் அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அதனால் நீங்கள் திணறுவதில் வெட்கமில்லை.

‘மேக் அப்’-இல் குறையை இட்டு நிரப்புவது என்ற இழை ஓடுவதாக எனக்குப் படுகிறது. தவறவிட்ட தேர்வை மறுபடி எழுதுவது, சண்டையில் விழுந்த விரிசலை அடைப்பது, தெரியாத இடத்தைக் கதையால் நிரப்புவது. முகப்பூச்சை இதில் சேர்ப்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

கல்லூரியில் ஒரு நண்பனோடு எனக்கு மனத்தாங்கல். என்னிடம் ஒரு பொய் சொல்லியிருந்தான். விடுமுறையில் ஆங்கிலத்தில் கடிதம் போட்டான். கடைசி வரி: ‘ஐ வில் மேக் இட் அப் டு யூ.’ எனக்கு அப்போது தெரிந்த ‘மேக் அப்’ கதை கட்டுவது ஒன்றுதான். சொன்ன பொய் போதாதென்று இனிமேலும் சொல்வேன் என்கிறானே என்று கொதித்துப்போய், கடிதத்தை நாலாக மடித்துப் பாடப்புத்தகத்துக்குள் செருகினேன். பதில் போடவில்லை. ஆறு மாதம் கழித்து அகராதியில் வேறெதையோ தேடும்போது அந்தத் தொடர் கண்ணில் பட்டது. செய்த தவறுக்கு ஈடு செய்தல்.

அன்று இரவே எழுதினேன். அஞ்சலட்டையில் ஒரே வரி பதில் வந்தது: ‘இனிமேல் உனக்குத் தமிழிலேயே எழுதித் தொலைக்கிறேன்.’