கல்விக் கடனுக்கு மிகையாகப் பிடித்த பணம்: திரும்பக் கேட்பது பயன் தருமா?

கேள்வி: நான் இலண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 2014இல் தொடங்கிய பட்டப்படிப்பை 2017 ஜூனில் முடித்தேன். பிளான் 2 (2012 செப்டெம்பர் முதல் இங்கிலாந்தில் படிக்கத் தொடங்கியவர்களுக்கான வகை) கல்விக் கடனில் இன்னும் ஏறத்தாழ 41,000 பவுண் மீதி இருக்கிறது. 2017 செப்டெம்பரில் முதல் வேலையில் சேர்ந்தபோது 2,050 பவுண் மாதச் சம்பளத்தில் 27 பவுணைக் கடனுக்கெனப் பிடித்தார்கள். 2024 ஓகஸ்ட் முதல் 2025 ஜனவரி வரை மாதம் 2,900 பவுணுக்கு ஓர் ஒப்பந்த வேலை பார்த்தேன். அதில் மாதந்தோறும் 56 பவுண் பிடித்தம். அதற்கு முந்திய நான்கு மாதமும் வேலையில்லை. பின்னர் பத்து வாரம் யாழ்ப்பாணத்தில் அம்மாவுடன் இருந்தேன். இப்போது ஆண்டுச் சம்பளம் 31,000 பவுண். பணத்தைத் திரும்ப வாங்கினால் கடன் ஏறும், விட்டுவிடு என்கிறார் அண்ணா. அவர் 2008இல் படிக்கத் தொடங்கியவர், அவருக்கு 3,000 பவுணே மீதி. முகவர் ஒருவர் 25 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சட்ட அடிப்படை வேறு என்பதால் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் 2024 ஏப்ரல் முதல் 2025 ஏப்ரல் வரையான 2024–25 வரியாண்டு. வருமான வரியைப் பிடிக்கும்போது முந்திய மாதங்களின் கணக்கும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், இடையில் வேலை போனாலும் வரி தானாகச் சரியாகிவிடும். கல்விக் கடன் பிடித்தம் அப்படியன்று. ஒவ்வொரு சம்பளக் காலத்தையும் அது தனியாகவே பார்க்கும். அந்த ஆண்டில் பிளான் 2 கடனுக்கான வரம்பு ஆண்டுக்கு 27,295 பவுண், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 2,274 பவுண். அதற்கு மேற்பட்ட தொகையில் 9 சதவீதத்தைக் கணக்கிட்டு 56 பவுண் பிடித்த உங்கள் முதலாளியிடம் ஒரு தவறும் இல்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் நீங்கள் ஈட்டியது 17,400 பவுண்தான். ஆண்டு வரம்பை எட்டாதவருக்குப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு என்பதால், ஆறு மாதத்துக்குரிய 336 பவுணும் உங்களுடையதே. அதே ஆண்டில் வார இறுதியில் டியூஷன் சொல்லிக்கொடுத்தது போன்ற வேறு வருமானம் இருந்து, அதற்கு வரி அறிக்கை தாக்கல் செய்திருந்தால் அதையும் கூட்டிப் பார்த்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் கடன் நிறுவனத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். பத்து வாரமே என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது 2017. படிப்பை விட்டதை அடுத்து வரும் ஏப்ரலிலிருந்தே கடனைத் திருப்பிச் செலுத்தும் கடமை தொடங்குகிறது. உங்களுக்கு அது 2018 ஏப்ரல். வேலையில் சேரும் நாளில் நிரப்பிய படிவத்தில் கல்விக் கடன் கட்டத்தில் அவசரமாக ஒரு அடையாளம் இட்டிருப்பீர்கள். இப்படி வரும் வழக்குகளில் பெரும்பாலும் அதுவே காரணம். செப்டெம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம் பிடித்த 189 பவுணும் காலத்துக்கு முந்திய பிடித்தம் ஆகும். இதற்கு உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது பொருட்டே அன்று.

ஆக மொத்தம் 525 பவுண். கேட்பது நன்மையா என்பதற்கு, கடனை முடிக்கப்போவது நீங்களா நாட்காட்டியா என்று பார்த்தால் போதும். அண்ணா சொல்வது உண்மைதான்: திரும்பி வரும் தொகை கடன் மீதியில் மறுபடியும் சேரும். 3,000 பவுணே மீதியுள்ள, பிளான் 1 என்னும் பழைய வகைக் கடனை அவர் எப்படியும் கட்டி முடிப்பார். இன்று வாங்கும் பணத்தை நாளை வட்டியோடு கொடுப்பதில் அவருக்கு இலாபமில்லை. கடன் அட்டைக்கு அதிக வட்டி கட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அவர் கணக்கும் மாறும். உங்கள் நிலை வேறு. 31,000 பவுண் சம்பளத்தில், 28,470 பவுண் என்ற 2025–26 வரம்பின்படி ஆண்டுக்குச் சுமார் 228 பவுண் கட்டுவீர்கள். 2025 செப்டெம்பரில் தொடங்கிய ஆண்டுக்கு மிகக் குறைந்த வட்டியான 3.2 சதவீதத்தையே எடுத்தாலும், 41,000 பவுணுக்கு வட்டி மட்டும் 1,312 பவுண் ஆகிறது. சம்பளம் பெரிதும் உயர்ந்தாலொழிய கடன் கரையாது; முப்பது ஆண்டு முடியும் 2048 ஏப்ரலில் எஞ்சியது தள்ளுபடியாகும். மீதி 41,000 ஆனாலும் 41,525 ஆனாலும் மாதப் பிடித்தம் சம்பளத்தைப் பொறுத்ததே என்பதால் அதுவும் ஏறாது. உங்கள் நிலையில் நான் இருந்தால் தயங்காமல் கேட்பேன். வந்த பணத்தைத் திரும்பவும் கடனிலேயே போட்டுவிடாதீர்கள், ஏனெனில் விரும்பிக் கட்டிய மிகைத் தொகை பொதுவாகத் திரும்பி வராது.

முகவர் தேவையில்லை, அவர் கேட்கும் கால் பங்கு 131 பவுணுக்கு மேல் வருகிறது, விண்ணப்பமோ இலவசம். கடனை நிர்வகிக்கும் ஸ்டூடண்ட் லோன்ஸ் கம்பெனியின் இணையக் கணக்கு மூலமோ தொலைபேசியிலோ நீங்களே கேட்கலாம். 2017–18ஆம் ஆண்டின் பி60 படிவத்தை, அதாவது ஆண்டு முடிவில் முதலாளி தரும் சம்பள, பிடித்தச் சுருக்கத்தை, தேடி எடுங்கள். கல்விக் கடனுக்குப் பிடித்த தொகை அதில் தனிக் கட்டத்தில் இருக்கும். ஒப்பந்த வேலைக்குச் சம்பளச் சீட்டுகள் ஆறையும் வைத்திருங்கள். இணையக் கணக்கில் பழைய வங்கி விவரம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள்.